மஹால் சுவரோடு முடிந்துவிடவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில நாள்களுக்கு முன் தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில், வெளியூர் அன்பர் ஒருவர் மதுரைத் திருமலை நாயக்கர் மஹாலைப் பார்த்துவிட்டுப் போன அனுபவத்தை எழுதியிருந்தார். பெரிய தூண்கள், நிறையப் புறாக்கள், அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது, இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று சலித்துக்கொண்டிருந்தார். எங்கள் தெருவில் அதைப் படித்த சிலருக்குக் கோபம். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் பார்த்த விதத்தில் பார்த்தால் அரை மணி நேரமே அதிகம்தான். வந்தவரை அப்படிப் பார்க்கும்படி விட்டுவிட்ட உள்ளூர்க்காரர்களாகிய நம்மைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

நான் தையல்காரன். மீனாட்சியம்மன் கோயில் கீழைக் கோபுரத்துக்கு எதிரே இருக்கும் புதுமண்டபத்தில், இரண்டு தூண்களுக்கு நடுவே மெஷின் போட்டுப் பிழைத்தவன். என் தந்தையும் அதே இடத்தில் உட்கார்ந்து தைத்தவர். இப்போது கடைகளெல்லாம் பக்கத்தில் உள்ள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. சாமிக்கு உடுத்தும் பாவாடைகள், தேரில் தொங்கவிடும் துணித் தொம்பைகள், எல்லாவற்றுக்கும் மேலாகச் சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வேடம் போட்டுத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்கு வேண்டிய சல்லடம், சட்டை, தலைக்குல்லா ஆகியவை எங்கள் கைவேலை. வீடு மஹாலுக்குத் தெற்கே ஒரு சந்தில். மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்குக் கொண்டுவந்து அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு சேர்த்துவைத்தவர் திருமலை நாயக்கர் என்று சொல்வார்கள். ஆக, குடியிருப்பது அவர் அரண்மனையின் ஓரத்தில், தொழில் பழகியது அவர் கட்டிய மண்டபத்தில், தைப்பது அவர் கூட்டிவைத்த திருவிழாவுக்கு. இந்த விஷயத்தில் இரண்டு வார்த்தை பேச எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். அந்த அன்பர் பார்த்தது மஹால் அல்ல. மஹாலில் மிஞ்சிய துண்டு. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர், 1636ஆம் ஆண்டு வாக்கில் இந்த அரண்மனையைக் கட்டி முடித்தார். சொர்க்க விலாசம், ரங்க விலாசம் என்று இரண்டு பெரும் பகுதிகள். மன்னரும் தம்பி குடும்பமும் குடியிருந்த மாளிகைகள், அந்தப்புரம், நாடகசாலை, ஆயுதசாலை, பல்லக்குச் சாலை, வாத்தியக்காரர்களின் மண்டபம், பூஜையறை, தோட்டம், குளம் என்று ஒரு சிறிய ஊரே உள்ளே இருந்தது. இன்று டிக்கெட் வாங்கிக்கொண்டு நாம் நுழைவது சொர்க்க விலாசமும் அதை ஒட்டிய நாடகசாலையும் மட்டும். மொத்தத்தில் கால் பங்குதான் இருக்கும் என்பது அறிந்தவர்கள் கணக்கு. முழுப் பீஸில் இருந்து வெட்டி எடுத்த கால் மீட்டர் துணியைக் காட்டி, இதில் வேட்டி எங்கே என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

மீதி எங்கே போனது என்பதும் ஒரு கதை. நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது, இங்கிருந்த வேலைப்பாடான கல்லையும் மரத்தையும் பெயர்த்து எடுத்துப் போனார் என்கிறார்கள். தாத்தா கட்டியதைப் பேரன் பிரிப்பது நம் வீடுகளிலும் நடப்பதுதான், ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பிறகு கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் காலத்தில் பட்டாளம் தங்கவும் சாமான் போட்டு வைக்கவும் பயன்பட்டது. இடிந்து கிடந்ததைப் பார்த்துப் பணம் ஒதுக்கிச் செப்பனிட வைத்தவர் நேப்பியர் பிரபு; 1866 முதல் 1872 வரை சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்தவர். அதன் பிறகு மாவட்ட நீதிமன்றம் அங்கே குடிபுகுந்து 1970 வரை இருந்தது.

அந்த நீதிமன்றக் காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என் தந்தை வக்கீல்களுக்குக் கறுப்புக் கவுன் தைத்துக் கொடுப்பார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதைக் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போய்க் கொடுத்துவிட்டு, கூலியைக் கேட்டு வாங்கி வருவது என் வேலை. நாயக்கரின் தூணுக்குக் கீழே மனு எழுதுகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். மேலூரில் இருந்தும் உசிலம்பட்டியில் இருந்தும் வழக்குக்கு வந்தவர்கள் இன்னொரு தூணடியில் கட்டுச்சோற்றைப் பிரிப்பார்கள். டவாலி போட்ட சேவகர் பெயரைக் கூப்பிட்டால் அந்தக் குரல் வளைவுகளில் எல்லாம் மோதித் திரும்பி வரும். அன்று யாரும் அதை வேடிக்கை பார்க்கவில்லை. அவரவர் வழக்கே பெரிதாக இருந்தது. ஆனாலும் அந்த இடம் உயிரோடு இருந்தது என்று இன்றும் எனக்குத் தோன்றும்.

சரி, மிஞ்சிய துண்டையாவது எப்படிப் பார்ப்பது? உள்ளே வருகிறவர்கள் முதலில் செய்வது தூணைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்வது. மூன்று பேர் கைகோத்தால்தான் ஒரு தூணைச் சுற்ற முடியும், அதனால் குடும்பமே சேர்ந்து நின்று எடுக்கிறார்கள். எடுக்கட்டும். பிறகு தலையை நிமிர்த்த வேண்டும். மஹாலின் அழகு தரையில் இல்லை, தூணின் உச்சிக்கு மேலே தொடங்குகிறது. தூணையும் தூணையும் சேர்க்கும் வளைவுகள் செங்கல்லால் கட்டியவை. அதன் மேல் சுண்ணாம்புச் சாந்து பூசி, அந்த ஈரத்திலேயே கொடியும் இலையும் யாளியும் வைத்து உருவாக்கியிருக்கிறார்கள். சிப்பிச் சுண்ணாம்பை அரைத்து முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த பூச்சு என்பதால்தான் பழுதுபடாத இடங்களில் இன்றும் வழவழப்பு தெரிகிறது. ஒரு வளைவை மட்டும் எடுத்துக்கொண்டு ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். இடப்பக்கக் கொடியும் வலப்பக்கக் கொடியும் ஒன்றுபோல இருக்கும், ஆனால் அச்சு எடுத்ததுபோல இருக்காது. ஒரு பக்க இலை கொஞ்சம் அகன்றிருக்கும், இன்னொரு பக்கச் சுருள் அரை விரல் இறங்கியிருக்கும். கையால் வேலை செய்து சாப்பிடுகிறவனுக்கு அது தெரியும். இரண்டு கொத்தனார்கள் சாரத்தின் இரண்டு பக்கத்திலும் நின்று, காய்வதற்குள் முடிக்க வேண்டும் என்று வேலை செய்திருக்கிறார்கள்.

நடுமுற்றத்தைத் தாண்டி, சிம்மாசனம் இருந்த இடத்தின் மேலே பெரிய குவிமாடம். உத்தரம், விட்டம் எதுவும் கொடுக்காமல் எழுப்பியது. அதற்கு நேர் கீழே நின்று மெதுவாகப் பேசிப் பாருங்கள், குரல் மேலே போய் வரும். கட்டடத்தைத் திட்டம் போட்டுக் கொடுத்தவர் இத்தாலிக்காரர் ஒருவர் என்ற பேச்சு வெகு நாளாக உண்டு. வளைவைப் பார்த்தால் முகலாயர் சாயல், தூணைப் பார்த்தால் ஐரோப்பியச் சாயல், யாளியைப் பார்த்தால் நம் ஊர்ச் சிற்பி. யார் திட்டம் போட்டிருந்தாலும் சாந்து குழைத்த கை இந்த மண்ணுடையதுதான்.

பள்ளியறை என்று சொல்லப்படும் பகுதியில் இப்போது கல்வெட்டுகளையும் சிலைகளையும் வைத்திருக்கிறார்கள். அங்கே கூரையில் கன்னம் வைத்து இறங்கிய திருடனின் கதையை எங்கள் பகுதிப் பெரியவர்கள் சொல்வார்கள். மன்னர் தூங்கும்போது கயிற்றில் இறங்கி நகையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டானாம். நகையோடு வந்தால் பரம்பரை நிலம் தருகிறேன் என்று தண்டோரா போட்டார்கள், திருடனும் நம்பி வந்தான், நிலத்தைக் கொடுத்துவிட்டுத் தலையை வாங்கினார்கள். உண்மையோ பொய்யோ, பிள்ளைகளை அங்கே பத்து நிமிடம் நிறுத்தி வைக்க இந்த ஒரு கதை போதும். சொல்லத்தான் ஆள் இல்லை.

தூண்களில் ஆணியால் பெயர் கீறுகிற கூட்டத்தைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியாகிவிட்டது. நான் எழுதப் போவதில்லை. கையெட்டும் உயரம் வரை காதலர்கள், அதற்கு மேல் நாயக்கர் என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

இனி அந்த அன்பர் பார்க்காததற்கு வருகிறேன். மஹாலை விட்டு வெளியே வந்ததும் வேன் டிரைவர் ஹார்ன் அடித்திருப்பார். ஏறிப் போயிருப்பார்கள். ஏறாமல் வடக்கே ஐந்து நிமிடம் நடந்திருந்தால் பத்துத்தூண் சந்து. வெளியூர்க்காரர்களில் நூற்றில் ஒருவர் அங்கே வந்தால் அதிகம். வருகிறவர்களும் மொத்த விலையில் சேலை, நைட்டி வாங்க வருகிறவர்கள்தான். இரண்டு பக்கமும் ஜவுளிக் கடைகள், நடுவே தள்ளுவண்டி, பார்சல் மூட்டை, இறங்காத லோடு. அந்த நெரிசலில் கட்டடங்களுக்கு இடையே வரிசையாகப் பத்துக் கல்தூண்கள், கூரை இல்லாமல், எதையும் தாங்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. பக்கத்துக் கடைகளின் மாடியைத் தாண்டி எழுந்த உயரம். அரண்மனையின் ரங்க விலாசத்தில் எஞ்சியது அவ்வளவுதான்.

நான் நூலும் லைனிங் துணியும் வாங்க அந்தச் சந்துக்கு அடிக்கடி போகிறவன். ஒரு நாள் காலையில், கடை திறக்கும் முன்பு, தூணடியில் ஒரு சுமை தூக்கும் தொழிலாளி மூட்டையைத் தூணில் சாய்த்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். திருப்பூரில் இருந்து வந்திருந்த என் தங்கை மருமகன் என்னோடு இருந்தார். "மாமா, இது என்ன கோயிலா?" என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அந்தத் தொழிலாளி சொன்னார்: "இல்லை தம்பி, ராஜா வீட்டுத் திண்ணை. நீங்கள் வந்தீர்களே மஹால், அங்கே இருந்து இங்கே வரை ஒரே வீடு." எவ்வளவு சுருக்கமான விளக்கம் பாருங்கள். மஹாலுக்குள் எந்தப் பலகையும் இதை இப்படிச் சொல்லவில்லை. தங்கை மருமகன் உடனே திரும்பி, வந்த வழியைப் பார்த்தார். அந்தத் தூரத்தைக் கண்ணால் அளந்த பிறகுதான் அவருக்கு அரண்மனையின் அளவு புரிந்தது. அதுவரை சினிமா எடுக்கும் இடம் என்றுதான் மஹாலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

பத்துத்தூணைச் சுற்றி நடக்க நேரம் இருப்பவர்களுக்கு இன்னும் இருக்கிறது. நவபத்கானா தெரு, பந்தடித் தெருக்கள், தளவாய் தெரு, மஹால் வடம்போக்கித் தெரு என்று அரண்மனை வாழ்க்கை தெருக்களாகக் கிடக்கிறது. வாத்தியம் முழங்கிய இடத்தில் இன்று மிக்ஸி பழுது பார்க்கிறார்கள், அரண்மனைப் பெண்கள் பந்து விளையாடினார்கள் என்று சொல்லும் இடத்தில் பால் பாக்கெட் போடுகிறார்கள். இந்தப் பகுதி முழுக்க நிறைந்திருக்கும் சௌராஷ்டிர மக்கள், அரண்மனைக்குப் பட்டு நெய்ய நாயக்கர் காலத்தில் வரவழைத்துக் குடியமர்த்தப்பட்டவர்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் வீட்டை ஒரு தடவை பார்த்தால் மறக்க மாட்டீர்கள். துணியை நகக்கண்ணில் கிள்ளி, நூலால் சுற்றி இறுக்கி, ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சுகள். சாயத்தில் முக்கி எடுத்துக் காயவைத்து, இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் முடிச்செல்லாம் படபடவென்று தெறித்துப் புள்ளிகள் தெரியும். என் தொழிலுக்கு அக்கா தொழில் என்பதால் கொஞ்சம் அதிகமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து விளக்குத்தூண். தெற்கு மாசி வீதியும் கீழமாசி வீதியும் கூடும் இடத்தில் நிற்கும் இரும்புத் தூணை, வழி சொல்வதற்கு எல்லாரும் பயன்படுத்துகிறோம். அது மதுரை கலெக்டராக இருந்த பிளாக்பர்னுக்கு வைத்த நினைவுச்சின்னம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மதுரைக் கோட்டையை இடித்து அகழியைத் தூர்க்க வைத்தவர் அவர். இடித்துத் தூர்க்கிறவர்களுக்கே அந்த நிலம் என்று சொன்னாராம். அப்படித்தான் வெளி வீதிகள் உண்டாயின. அந்த வேலையில் அவருக்கு உதவியவர்கள் இருவரும் பெருமாள் மேஸ்திரி வீதியாகவும் மாரட் வீதியாகவும் நம்மோடு இருக்கிறார்கள். கோட்டையைக் கட்டியவர்களுக்கு வைக்காத விளக்கை இடித்தவருக்கு வைத்திருக்கிறோம். ஆனால் ஊர் மூச்சு விடவும் வளரவும் அந்த இடிப்புதான் வழி செய்தது, அதையும் சொல்ல வேண்டும். விளக்குத்தூணுக்கு வந்தவர்கள் ஜிகர்தண்டா குடிக்காமல் போவதில்லை, அதற்கு யாரும் வரைபடம் போட்டுக் கொடுக்க வேண்டியதில்லை. கீழவெளி வீதிப் பக்கம் திரும்பினால் இரட்டைக் கோபுரத்தோடு புனித மரியன்னை பேராலயம்; மஹாலில் இருந்து நடந்து போகும் தூரம்தான்.

விளக்குத்தூணில் இருந்து கீழமாசி வீதி வழியாக வடக்கே போய் அம்மன் சன்னதித் தெருவுக்குள் திரும்பினால் விட்டவாசல். பாண்டியர் கோட்டையின் கிழக்கு வாசலாக இருந்தது, நாயக்கர்கள் கோட்டையை விரித்துக் கட்டியபோதும் இதை விட்டுவைத்தார்கள். அதற்குக் கீழே பூக்காரப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். அப்புறம் என் இடம்.

புதுமண்டபம் சாமிக்கு வசந்த உற்சவம் நடத்த நாயக்கர் கட்டியது. நடுவே மேடை, மேடையைச் சுற்றித் தண்ணீர் நிறுத்த வாய்க்கால். சித்திரை வைகாசி வெயிலில் சுவாமியும் அம்மனும் குளிர்ச்சியாக வீற்றிருக்க அந்த ஏற்பாடு. நூற்றுக்கும் மேற்பட்ட தூண்கள். நாயக்க மன்னர்கள் ஆளுயரச் சிலைகளாகக் கைகூப்பி நிற்கிறார்கள், திருமலை நாயக்கர் தொந்தியும் கொண்டையுமாகத் தேவிமாரோடு இருக்கிறார். தடாதகைப் பிராட்டி, கரும்பு தின்ற கல்யானை எல்லாம் அங்கே உண்டு. நாங்கள் கடை போட்டிருந்த காலத்தில் இவை எல்லாம் புத்தகக் கடை, வளையல் கடை, பாத்திரக் கடைகளுக்குப் பின்னால் மறைந்து கிடந்தன. என் மெஷினுக்குப் பின்னால் ராவணன் கைலாயத்தைத் தூக்கிக்கொண்டிருந்தான். "ராவணன் கடை" என்று கேட்டு வருகிற வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். வேலை இல்லாத மத்தியானங்களில் அவன் கைகளை எண்ணுவேன். ஒரு கை என் ஹேங்கர் கம்பிக்குப் பின்னால் போய்விடும், கணக்குத் தவறும். எங்களை அங்கிருந்து மாற்றியது நியாயமா என்று கேட்டால் அதற்கு இன்னொரு கடிதம் வேண்டும். இப்போது அந்தச் சிற்பங்களைத் துணி மறைக்காமல் பார்க்கலாம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். எதிரே, முடிக்காமல் விட்ட ராயகோபுரத்தின் அடித்தளத்தையும் பாருங்கள். முடிந்திருந்தால் மதுரைக் கோபுரங்களில் அதுதான் பெரியது.

தெப்பக்குளம் கொஞ்சம் தூரம், பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும். மஹாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம்தான் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் ஆனது என்பார்கள். ஏறத்தாழ ஆயிரம் அடி நீளம், அகலமும் கிட்டத்தட்ட அவ்வளவே. தோண்டும்போது கிடைத்த பெரிய பிள்ளையார்தான் இன்று மீனாட்சியம்மன் கோயிலில் இருக்கும் முக்குறுணி விநாயகர். விநாயகர் சதுர்த்திக்குப் பதினெட்டுப் படி அரிசியில் கொழுக்கட்டை படைக்கிறார்களே, அவர்தான். நாயக்கர் பிறந்த பூச நட்சத்திரத்தில், தைப்பூசத்தன்று தெப்பம் மிதக்கிறது. இன்னொரு அரண்மனையும் வேண்டும் என்பவர்கள் தமுக்கத்துக்குப் போகலாம். ராணி மங்கம்மாளின் மாளிகையில் 1959இல் திறந்த காந்தி நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. சுடப்பட்ட அன்று காந்தி உடுத்தியிருந்த, ரத்தக் கறை படிந்த துணி அங்கே கண்ணாடிக்குள் உள்ளது. துணியோடு வாழ்ந்தவன், பல துணிகளைப் பார்த்துவிட்டேன். அதன் முன்னால் மட்டும் என்னால் நெடுநேரம் நிற்க முடிவதில்லை.

இத்தனையும் இருக்க, ஒருவர் அரை மணி நேரத்தில் சலித்துக்கொண்டு திரும்பினார் என்றால் குறை யாருடையது? சில ஆண்டுகளாக இந்தத் தெருக்களில் கல் பாவினார்கள், விளக்குக் கம்பம் வைத்தார்கள். நல்லதுதான். ஆனால் கல் பாவிய தெரு எங்கே போகிறது என்று வருகிறவருக்கு யார் சொல்வது?

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை. மஹாலில் டிக்கெட் கொடுக்கும்போது கூடவே ஒற்றைத் தாளில் ஒரு வரைபடம் கொடுங்கள். தமிழில் முதலில், பின்பக்கத்தில் மற்ற மொழிகள். அதில் இன்றைய தெருக்களை ஒரு நிறத்திலும், பழைய அரண்மனை பரவியிருந்த இடத்தை இன்னொரு நிறத்திலும் போட்டால், பத்துத்தூண் எங்கே நிற்கிறது, தான் எங்கே நிற்கிறோம் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். மஹாலின் முற்றத்தில் அதே படத்தைப் பெரிதாக ஒரு பலகையில் எழுதி வைக்கலாம். பத்துத்தூணில் அது என்ன என்று கண்ணில் படும்படி, கடைப் பலகைகளுக்கு நடுவே தொலைந்துபோகாமல், ஒரு பலகை. தூணடியில் வண்டி நிறுத்தாமல் இருக்க வியாபாரிகளே ஏற்பாடு செய்வார்கள், கேட்கிற விதத்தில் கேட்டால். கூட்டம் வந்தால் அவர்களுக்கும் வியாபாரம்தானே.

நேரத்தைப் பற்றி ஒன்று. மீனாட்சியம்மன் கோயிலில் பகல் நடை சாத்தினால் மறுபடி திறக்க மாலை நான்கு ஆகிவிடும். அந்த நேரத்தில் வெளியூர் மக்கள் சித்திரை வீதியில், வெயிலில், பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் நிற்பதை நான் தினமும் பார்க்கிறேன். "அண்ணே, பக்கத்தில் வேறு என்ன பார்க்கலாம்?" என்று சத்திரத்துப் படியேறி வந்து கேட்பார்கள். மஹால் மாலை ஐந்து மணி வரை திறந்திருக்கிறது, உள்ளே வெயில் உறைக்காது. மத்தியான வேளையை மஹாலுக்கும் சுற்றியுள்ள தெருக்களுக்கும் ஒதுக்கும்படி கோயில் வாசலிலேயே ஒரு அறிவிப்பு வைத்தால் இரண்டு பக்கமும் பயன். அதற்கு முன் அந்த வழியில் குடிதண்ணீரும், பெண்கள் போகத் தக்க ஒரு கழிப்பறையும் வேண்டும். எங்கள் வீட்டுப் பெண்களைக் கேட்டால் வரைபடத்துக்கு முன் இதைத்தான் எழுதச் சொல்வார்கள்.

மஹாலில் மாலையில் நடக்கும் ஒலி ஒளிக் காட்சியிலும் எனக்கு ஒரு மனக்குறை. ஆண்டாண்டு காலமாக முதலில் ஆங்கிலம், அது முடிந்து எட்டு மணி வாக்கில் தமிழ் என்றே வழக்கம். சிலப்பதிகாரக் கதையை மதுரையில் வைத்துச் சொல்லும்போது, தேனியில் இருந்தும் சிவகங்கையில் இருந்தும் பிள்ளைகளோடு வந்தவர்கள் கடைசி பஸ்ஸை நினைத்து எழுந்துபோகிறார்கள். வாரத்தில் சில நாள்களாவது தமிழை முதலில் வைக்கலாம்.

கதை சொல்ல ஆள் வேண்டும் என்றேனே, அதற்கும் வெளியே தேட வேண்டாம். பத்துத்தூண் சுமைத் தொழிலாளி போன்றவர்களும், கல்லூரியில் வரலாறு படித்துவிட்டு ஜவுளிக் கடையில் சேலை மடித்துப் போடும் பிள்ளைகளும் இந்தத் தெருக்களிலேயே இருக்கிறார்கள். சனி, ஞாயிறுகளில் அவர்களுக்குப் பயிற்சியும் அடையாள அட்டையும் கொடுத்து, தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் நிர்ணயித்து நடத்திப் பார்க்கலாம்.

வரைபடம் போட யார் முன்வந்தாலும் தெரு தெருவாக நடந்து இடத்தைக் காட்ட நான் தயார், கூலி வேண்டாம். குன்னத்தூர் சத்திரத்தில் வந்து அழகர் உடுப்புத் தைக்கிற பெரியவர் என்று கேட்டால் அழைத்து வருவார்கள். பங்குனி பாதியில் இருந்து அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பும் வரை மட்டும் வர வேண்டாம். அப்போது சல்லடம் கேட்டு வருகிறவர்களுக்கே என்னால் பதில் சொல்ல முடியாது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
மஹால் பகுதி, மதுரை